உம்மா வீட்டுப் படிக்கு இந்தப் பக்கம்

தோழி போனில் சொன்னதைக் கேட்டதும் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"உம்மா உன்னைப் பத்தியே கேட்டுக்கிட்டு இருக்காங்கடி. நீ அவங்க மேல கோவமா இருக்கியாம். அதான் வாசலோட வந்துட்டு வாசலோட போயிடுறியாம்."

கோபமா? உம்மா மேலா? "நீ சொல்ல வேண்டியதுதானேடி" என்று அவள் மேல் பாய்ந்தேன். "சொல்லாம இருப்பேனா? காலையில சொன்னா மத்தியானம் மறந்துடுறாங்க. மத்தியானம் சொன்னா அஸர் தொழுகைக்குள்ள மறந்துடுறாங்க" என்றாள்.

உம்மா என்றால் தோழியின் அம்மா. நாங்கள் இருவரும் காரைக்காலில் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் வீடு திருமலைராயன்பட்டினத்தில், என் வீடு காரைக்காலில். சனிக்கிழமை வந்தால் அவளோடு பஸ் ஏறிவிடுவேன். அவர்கள் வீடு அப்போது ஓடு போட்ட பழைய வீடு. தெருவும் வீட்டுத் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, சமையல்கட்டில் போய்த்தான் நிற்பேன். உம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து வாடா எடுத்துக்கொண்டிருப்பார். மேலே இறால் பதித்து, உள்ளே வெங்காயம் வைத்த அந்த வாடாவைச் சூடாக என் கையில் வைத்துவிட்டு, "ஊதித் தின்னு, வாய் வெந்துடும்" என்பார். வாய் வெந்துதான் போகும். அவளுக்கு ஒன்று தந்தால் எனக்கு ஒன்று, அவளுக்கு அடி விழுந்தால் எனக்கும் விழும். அவரை நானும் உம்மா என்றே கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிடு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிறகு தோழிக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை துபாய்க்குப் போனார். உம்மாவுக்கு இவள் ஒரே பெண் என்பதால் உம்மா வீட்டிலேயே இருந்துகொண்டாள். ஒரு ஐப்பசியில் பெய்த மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து, அரிசி மூட்டை, பீரோ, படுக்கை எல்லாம் நாசமாகிவிட்டது. அடுத்த வருடமே பழைய வீட்டை இடித்துவிட்டு, தண்ணீர் என்ன ஆட்டம் போட்டாலும் உள்ளே வர முடியாதபடி உயர்த்திக் கட்டினார்கள். வாசலில் கறுப்புக் கிரானைட்டில் செங்குத்தாகப் படிகள். வீடு குடிபோன அன்று அந்தப் படிகளில் நான் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். பட்டுப்புடவையோடு தாவினேன் என்று உம்மா திட்டினார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த விபத்து. திருநள்ளாறு போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது வேன் ஒன்று இடித்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அதைப் பற்றி இங்கே விரித்து எழுத எனக்கு இஷ்டமில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு உச்சுக் கொட்டுகிறார்கள். நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்பதைக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வேன். வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பக்கவாட்டில் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஊர் முழுக்கச் சுற்றுகிறேன். மடக்கு நாற்காலியை வண்டிக்குப் பின்னால் கட்டி வைத்திருப்பேன். யாராவது அதை இறக்கி விரித்துக் கொடுத்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

ஆனால் எங்கே போய் இறங்குவது? எங்கள் ஊரில் கடை என்றால் சாக்கடை மேல் பலகைக்கல், அதற்கு மேல் இரண்டு படி, அதற்கு மேல்தான் கடை. மருந்துக் கடைக்காரர் மாத்திரையைத் தெருவுக்குக் கொண்டுவந்து தருவார். புடவைக் கடையில் தெருவிலேயே நாலு புடவையை உதறிக் காட்டுவார்கள், போகிற வருகிறவர்கள் எல்லாரும் நிறம் நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று அபிப்பிராயம் சொல்வார்கள். நல்ல மனிதர்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடைக்குள்ளே போய், மேல் தட்டில் இருக்கும் துணியைக் காட்டி, "அதை எடுங்க, சே, வேண்டாம், அந்தப் பச்சையை எடுங்க" என்று ஒருவர் உயிரை வாங்குகிற சுகம் இருக்கிறதே, அதற்கு நான் எவ்வளவு ஏங்கிப் போயிருக்கிறேன் தெரியுமா?

இந்த ஏக்கங்களை எல்லாம்கூட எப்படியோ விழுங்கிவிடலாம். உம்மா வீட்டுச் சமையல்கட்டை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

விபத்துக்குப் பிறகு நான் அங்கே போகாமல் இல்லை. அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டினாலே மனசு பறக்கும். தெருவில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் தோழி ஓடி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்வாள். அவள் படியில், நான் வண்டியில். உம்மா நடமாடிக்கொண்டிருந்த வரை அவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வருவார். என் கன்னத்தைத் தடவி, விரலை மடக்கித் தன் நெற்றியில் வைத்துச் சொடுக்கெடுப்பார். தட்டில் வாடா வரும், டீ வரும். தெருநாய், ஐஸ் வண்டி, மீன்காரம்மா என்று எல்லாரையும் சாட்சியாக வைத்துக்கொண்டு பேசுவோம். ரகசியம் மட்டும் பேச முடியாது. வெயில் ஏறினால் கிளம்பிவிட வேண்டும்.

அப்புறம் உம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். படுத்ததோடு மறதியும் வந்து சேர்ந்தது. அந்த மறதிக்கு என்ன கணக்கோ, என் விபத்தை முழுசாகத் துடைத்துவிட்டது. அவர் மனதில் நான் படியில் தாவுகிறவளாகவே இருந்தேன். அவர் கட்டில் இருந்த அறை தெருப்பக்கம். ஜன்னல் உயரத்தில் இருப்பதால் என்னைப் பார்க்க முடியாது, என் குரல் மட்டும் நன்றாகக் கேட்கும். வருகிறேன், சிரிக்கிறேன், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறேன். உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் வாசல் வரை வந்த ஒருவர் உள்ளே வராமல், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மனஸ்தாபம். பாகப் பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் கல்யாணப் பத்திரிகையைத் தெருவிலேயே நின்று நீட்டிவிட்டுப் போவார்கள். உம்மா காலமெல்லாம் பார்த்தது அதைத்தான். அதனால் என் மேலும் அதையே வைத்துப் பார்த்தார். என்ன சொல்லிவிட்டோம், எந்த நாளில் சோறு போடாமல் அனுப்பினோம் என்று படுத்த படுக்கையில் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இது தெரிந்த பிறகு எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

போனில் முகத்தைக் காட்டிப் பார்த்தோம். "உம்மா, நான்தாம்மா, கோவம் எல்லாம் இல்லம்மா" என்று கத்தினேன். உம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது டிவியில வர்ற புள்ளயா?" என்று தோழியிடம் கேட்டார். அவரை வெளியே கொண்டுவரவும் வழியில்லை. ஒருமுறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி இறக்கியபோது அவர் வலியில் அலறியது தெருக்கோடி வரை கேட்டதாம். அதற்குப் பிறகு டாக்டரே வீட்டுக்கு வந்து பார்க்கிறார். ஆக, அவர் இறங்க முடியாது, நான் ஏற முடியாது. நடுவில் அந்தக் கறுப்புக் கிரானைட்.

தூக்கிக்கொண்டு போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். வாசலில் ஒரு சரிவு போடலாமா என்று தோழி பேச்செடுத்தபோது அவள் வீட்டுக்காரரும் துபாயிலிருந்து வீடியோவில் வந்து, "எதுக்கு வாசலை உடைக்கணும்? நம்ம தெருப் பயலுவ நாலு பேருக்கிட்டச் சொன்னா அப்படியே அள்ளிக்கிட்டுப் போயி உள்ள வெச்சுடுவானுங்க" என்றார். "அள்ளிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன மணலா?" என்று கேட்டுவிட்டேன். நல்ல மனிதர், பாவம், முகம் சுருங்கிப் போயிற்று.

ஆனால் எனக்குப் பயம் இருந்தது. ஒருமுறை மாற்றுத்திறனாளிகளுக்கான விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பொது இடங்களில் படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் அமைக்க வேண்டும் என்பதுதான் நான் பேச வேண்டிய விஷயம். போய்ப் பார்த்தால் மேடைக்குப் படி! சாய்தளம் இல்லை. "அதுக்கென்னங்க, தூக்கிடுவோம்" என்று நாலு பேர் உற்சாகமாக வந்தார்கள். தூக்கியபோது அதில் ஒரு தம்பி ஒற்றைக் கையை எடுத்துப் போனில் போட்டோ பிடிக்கப் பார்த்தான். நாற்காலி சாய்ந்தது, நான் உருண்டேன், மணிக்கட்டு முறிந்தது. புடவை எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அத்தனை ஆண்கள் நடுவில் அப்படிக் கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. கட்டுப் பிரிக்கும் வரை என்னால் கட்டிலிலிருந்து நாற்காலிக்குக்கூட மாற முடியவில்லை. எனக்குக் கைதான் கால். அந்தக் கையும் போய்விட்டால் என் கதி என்ன?

அதனால் தோழியிடம் தெளிவாகச் சொன்னேன். "எனக்கு ஒரு சரிவு போட்டுக் கொடுடி. நானே உருட்டிக்கிட்டு வர்றேன்."

அவள் வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டி, வாசல் அழகு கெட்டுவிடும் என்று அவர் புலம்பியதை எல்லாம் தாண்டி, கொத்தனாரைப் பிடித்தாள். ஒருநாள் காலையில் போன். "முடிஞ்சிடுச்சுடி! சிமெண்டு காய்ஞ்சிடுச்சு. இன்னிக்கே வா!" நான் டியூஷனுக்கு லீவு விட்டேன். மாம்பழ நிறப் புடவையை எடுத்துக் கட்டினேன். உம்மாவுக்குப் பிடிக்கும் என்று கொய்யாப்பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வழி நெடுக என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குள்ளேயே பேசிக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வாசலில் போய் நின்றேன். படிகளுக்கு நட்டநடுவில், ஒரு சாண் அகலத்தில், வழுவழுவென்று ஒரு சிமெண்டுச் சரிவு. இரண்டு பக்கமும் பழைய படிகள் அப்படியே.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். இங்கே வீட்டுக்கு வீடு இது உண்டு. ராத்திரி பைக்கை வீட்டுக்குள் ஏற்றி வைப்பதற்காகப் போடுவது. சக்கரம் சரிவில் ஏறும், ஆள் பக்கத்துப் படியில் கால் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார். மனுஷிக்கு வழி இல்லாத ஊரில் பைக்குக்கு மட்டும் எல்லா வாசலிலும் வழி இருக்கிறது.

கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நின்றார்.

"அண்ணே, இது பைக்குக்குண்ணே!"

"வீலு ஏறணும்னுதானம்மா சொன்னாங்க? எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் போட்டுக் குடுக்குறேன். புல்லட்டே ஏறும்மா இதுல!"

"புல்லட்டுக்கு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு சக்கரம். எனக்குப் பக்கத்துல பக்கத்துலண்ணே. நான் என்ன சர்க்கஸா பண்ணுறது?"

அவர் என் நாற்காலியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். "அடக் கடவுளே" என்று தலையில் அடித்துக்கொண்டார். தோழிக்குச் சிரிப்பு பீறிட்டது. எனக்கும்தான். தெருவே வேடிக்கை பார்க்க இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "யாரு அது? அவளா? உள்ள வரச் சொல்லு புள்ளே. நான் எதாவது சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லு."

"உம்மா, கோவம் இல்லம்மா!" என்று தெருவிலிருந்து கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கொய்யாப்பழப் பையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். பாலத்தின் மேல் வரும்போது ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

அந்த மாதம் உம்மாவுக்குச் சாப்பாடு குறைந்தது. கஞ்சிதான், அதுவும் இரண்டு கரண்டி. "எல்லார் பேரும் மறந்துட்டு வர்றாங்கடி. மருமகன் பேருகூட வரல. உன் பேரை மட்டும் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க" என்றாள் தோழி. நான் வெறுத்து ஒதுங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்துவிட்டால்? அதற்குப் பிறகு யாரிடம் போய் விளக்குவேன்? "சரிடி, ஆளைக் கூப்பிடு. தூக்கட்டும். விழுந்தா விழுறேன்" என்றேன்.

"வாயை மூடு" என்றாள். "உன்னைத் தூக்க விட்டுட்டு, நீ கையை ஒடிச்சுக்கிட்டா நான் யாரோட பேசுவேன்? ஒரு வாரம் பொறு."

அன்றைக்கே வீட்டுக்காரருக்குப் போன் போட்டிருக்கிறாள். வாசலுக்குப் பக்கவாட்டில், அவர் ஊருக்கு வந்ததும் கார் வாங்கி நிறுத்துவதற்காக விட்டு வைத்திருந்த இடம் ஒன்று உண்டு. அந்த இடம் பூராவும் வேண்டும் என்றாள். செங்குத்தாக இல்லாமல் நீளமாகப் போட்டால்தான் நான் கையால் உருட்டி ஏற முடியும். அவர், "உம்மா கேக்குறாங்கன்னா போடு. காரைத் தெருவுல நிறுத்திக்கலாம்" என்றாராம். கொத்தனார் இந்தத் தடவை என் வீட்டுக்கே வந்து, நாற்காலியின் அகலத்தை நூல் பிடித்து அளந்துகொண்டு போனார்.

வேலை நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பூசிய சிமெண்டு கரையாமல் தோழி தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு கிடந்தாள். நான் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பேன், உடனே போன் அடிப்பேன். "இருக்காங்களா?" என்றுதான் கேட்பேன். "இருக்காங்க" என்பாள். எவ்வளவு ஆசையாக ஒரு சிமெண்டுத் தரை காய்வதற்குக் காத்திருக்க முடியும் என்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது.

காய்ந்தது. போனேன். தோழி நாற்காலியை விரித்துக் கொடுத்துவிட்டு, தள்ளட்டுமா என்று கேட்டாள். "தொடாதே" என்றேன். கைப்பிடி வளையத்தைப் பிடித்துத் தள்ளித் தள்ளி, மூச்சு வாங்க, நடுவில் ஒருமுறை நின்று, நானே ஏறினேன். வாசற்கதவு, கூடம், அந்தப் பக்கம் சமையல்கட்டு. தாளித்த வாசனை வந்தது. திரும்பிப் பார்க்காமல் உம்மாவின் அறைக்குள் உருட்டிக்கொண்டு போனேன்.

உம்மா பாதியாகியிருந்தார். தலைக்கு முக்காடு மட்டும் வழக்கம்போல் ஒழுங்காக இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். யார் என்று கேட்டுவிடப் போகிறாரே என்று பயந்தேன். கேட்கவில்லை. என் பெயரைச் சொன்னார். கையை நீட்டிக் கன்னத்தைத் தடவினார்.

"கோவம் தீந்துச்சா?"

"கோவமே இல்லம்மா. ஒருநாளும் இல்ல. வாசல்ல படி இருக்குல்லம்மா, அதுல ஏற முடியல எனக்கு. காலு வராதும்மா. அதான் வெளியவே நின்னுட்டுப் போனேன்."

வழி நெடுக ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் போய், இவ்வளவுதான் வந்தது. உம்மா நாற்காலியைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். மிதிபலகையில் இருந்த என் பாதங்களை நெடுநேரம் பார்த்தார்.

"படியா?" என்றார்.

"ஆமாம்மா. படிதான்."

"அல்லாவே, இதுக்கா இத்தனை நாளு?" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. கட்டிலில் எழுந்திருக்கப் பார்த்தார், முடியாமல் தலையணையில் சாய்ந்தார். "ஏறத்தானே முடியல? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா புள்ளே? நான் இறங்கி வந்திருப்பேனே."

போர்வைக்குள் அவர் கால்கள் போட்டது போட்டபடி கிடந்தன. நான் அவர் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். "எதுக்குடி அழுவுறா இவ?" என்று அவர் தோழியிடம் கேட்டார்.